நாற்பதில் இருபத்தாறு

அவர் முதன்முதலில் எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தபோது அவரிடம் நாற்பது ஹதீஸ்கள் இருந்தன. நபிகள் சொன்னதாகவும் செய்ததாகவும் வாய்வழியாக வந்து ஏட்டில் ஏறிய செய்திகளை முஸ்லிம்கள் ஹதீஸ் என்கிறார்கள். அதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால் வெட்டப் பிடிக்காமல் மலாக்கா டவுனுக்கு வந்து, ஆற்றோரச் சந்தில் இருந்த ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

அவர் நீட்டிய தாள்களைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. செய்தி இரண்டு வரி. அதற்கு மேலே பெயர்கள் நாலு வரி. இன்னார் மகன் இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று ஆறேழு அரபுப் பெயர்கள். தமிழ் எழுத்தில் அந்தப் பெயர்களைக் கோப்பதற்குள் எழுத்துப் பெட்டியில் கிரந்த எழுத்து தீர்ந்துவிடும். முதலாளி தாள்களைப் புரட்டிவிட்டு, பெயர்களை எடுத்துவிட்டால் பாதிப் பக்கம் குறையுமே, படிக்கிறவர்களுக்கு வேண்டியது செய்திதானே என்று கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கோபம் வந்தால் செய்கிற காரியம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பேரை எடுத்துட்டா, அது யாரோ சொன்னதா ஆயிடும், மொதலாளி" என்றார்.

ஊரில் எல்லோரும் அவரை ஆலிம்சா என்பார்கள். மார்க்கம் படித்தவருக்குக் கொடுக்கிற மரியாதைப் பெயர். கோப்பிக் கடையில் அவர் முதுகுக்குப் பின்னால் வேறு ஒரு பெயர் இருந்தது: 'யாரு சொன்னா பாய்'. யார் என்ன சேதி சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அது. ஜாசின் ரோட்டில் பஸ்ஸை எரித்துவிட்டார்களாம் என்று ஒருவர் சொல்வார். யாரு சொன்னா என்பார் இவர். லாரிக்காரர் சொன்னார். லாரிக்காரர் பார்த்தாரா? அவருக்கு இன்னொரு லாரிக்காரர் சொன்னாராம். அந்த இன்னொரு லாரிக்காரர் பேரு என்ன? அதோடு சேதி சொன்னவருக்குக் கோப்பி கசந்துவிடும்.

அவருடைய முழுக் கதை எனக்குத் தெரியாது. அவர் வாயால் சொன்னதை மட்டும் சொல்கிறேன். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். மதரசாவில் பல வருடம் ஓதியவர். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே மலாயாவுக்கு வந்துவிட்டார். கயிற்றுக் கடை மாடியில் ஒரே ஒரு அறையில் இருந்தார். அந்த அறையில் பாயை விரித்துவிட்டால் மிச்ச இடமெல்லாம் புத்தகம். அவற்றில் பாதி, ஹதீஸ்களைச் சொன்ன ஆட்களைப் பற்றிய புத்தகம். யார் எந்த ஊர், எப்போது பிறந்தார், எப்போது இறந்தார், யாரிடம் படித்தார், பொய் சொல்வாரா, ஞாபகசக்தி எப்படி என்று ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் வைத்துக்கொண்டு அவர் தம்முடைய நாற்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

சரிபார்க்கச் சரிபார்க்க நாற்பது குறைந்துகொண்டே வந்தது. நான் கோத்து, புரூஃப் எடுத்துக் கொடுத்த பக்கத்தை ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து, இதைப் பிரித்துப் போட்டுவிடுங்கள் என்பார். ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். பெயர் வரிசையில் நடுவில் இருந்த இரண்டு பேரைத் தொட்டுக் காட்டினார். முதல் ஆள் இறந்தபோது அடுத்த ஆளுக்கு வயது நாலு.

"நாலு வயசுப் புள்ள. இவ்வளவு பெரிய விசயத்த நேராக் கேட்டு, வார்த்தை மாறாம வெச்சிருந்து சொல்லுமா? நடுவுல யாரோ ஒருத்தர் இருக்கணும். அவர் யாருன்னு தெரியல தம்பி."

"அப்ப இது பொய்யா பாய்?"

"பொய்யின்னு நான் சொல்லல. உறுதியில்ல. பொய் வேற, உறுதியில்லாதது வேற."

நான் முணுமுணுத்துக்கொண்டே ஈய எழுத்துகளை அதனதன் பெட்டியில் போட்டேன். அந்த வேறுபாடு அப்போது எனக்கு வேலை வளர்க்கிற வேறுபாடாகத்தான் தெரிந்தது.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். எங்கள் முதலாளியைப் பற்றிக் கேட்டால், உண்மையானவர், ஆனால் அவசரக்காரர், கேட்டதை முழுக்கக் கேட்க மாட்டார் என்பார். கோப்பிக் கடைக்காரர் நல்ல மனுசர், ஆனால் கதையை ருசியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒன்றிரண்டு சேர்ப்பார். என்னைப் பற்றி அவர் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்குக் கடைசி வரை தைரியம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் அச்சுக்கூடத்தில் போலீஸ் நுழைந்தது. இரண்டு மலாய்க் கான்ஸ்டபிள்கள், ஒரு வெள்ளைக்கார அதிகாரி, கூடவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஆலிம்சா பினாங்குக்கு எழுதிய ஒரு கடிதத்தைத் தபாலில் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு படம். வட்டம் வட்டமாகப் பெயர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடுகள், சில பெயர்கள் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அவர் போட்டு வைக்கிற வரிசைப் படம்தான். அந்த நாளில் காட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஊருக்குள் ஆட்கள் இருந்தார்கள், ஆளுக்கு ஆள் கடிதம் கடத்தினார்கள். அதிகாரிக்கு அந்தப் படம் எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர்களைக் கோத்தவன் என்று என்னையும் ஓரமாக நிறுத்தினார்கள்.

புரூஃப் பார்க்க வந்திருந்த ஆலிம்சாவிடம், இந்த ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எல்லாரும் மௌத்தாயிட்டாங்க" என்றார் ஆலிம்சா. எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்போது?

"ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு."

மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில் சொல்வதற்கு முன் அதை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு சொன்னார். சிவப்புக் கோடு போட்டவர்கள் யார் என்று அடுத்த கேள்வி. அவங்கள நான் நம்பறதில்ல என்றார் இவர். அன்று பகல் முழுக்க அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். பயந்தாரா என்றால் இல்லை. அதிகாரி இரண்டு தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதில் ஒருவர் இறந்த வருடம் குறித்து வைத்திருந்தேன் என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

அவருடைய அந்தக் குணத்துக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அவர் புத்தகத்தை அச்சிடும் செலவை ஒரு துணிக்கடைக்காரர் ஏற்றிருந்தார். பள்ளிவாசல் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். தோட்டம் தோட்டமாகத் துணி கொண்டுபோய் விற்கிற ஆட்கள் அவரிடம் பலர். சாலையில் துப்பாக்கிச் சூடு அடிக்கடி நடந்த நேரம். அவர் ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்கக் கொடுத்தார். ஒரு பிரார்த்தனை, அதன் கீழே, இதைச் சட்டைப் பையில் வைத்திருப்பவரைக் குண்டு தீண்டாது என்று நபிகள் சொன்னதாக ஒரு வரி. நான் கோத்து முடித்து, புரூஃபைக் காயப் போட்டிருந்தேன். ஆலிம்சா உள்ளே வந்தவர் அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

கடையில் நடந்தது, முதலாளி எனக்குச் சொன்னது. அவர் அங்கே இருந்தார். ஜனங்கள் பயந்து கிடக்கிறார்கள், ஒரு தாள் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தால் என்ன நஷ்டம் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். பிரார்த்தனையை அடியுங்கள், நானே நின்று ஓதுகிறேன், அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். நபிகள் சொல்லாததை அவர்கள் வாயில் வைக்கக் கூடாது. அதை நம்பி ஒருவன் போகக் கூடாத பாதையில் போய்ச் செத்தால் யார் பதில் சொல்வது? கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. வேலையாட்கள் முன்னால் நடந்த பேச்சு.

பிரசுரம் வேறு அச்சுக்கூடத்தில் அச்சாகி வந்தது, அந்தக் கடைசி வரியோடு. ஆலிம்சாவின் புத்தகம் நின்றுபோனது. பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்த வேலையும் வேறொருவருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டார். ஒரு வரிக்காக இவ்வளவா என்று நானும் அவரைக் குறை பேசியிருக்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அண்ணன் பிறந்த தோட்டத்திலேயே பால் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா போனபின் என்னை ஆளாக்கியவர். பால் வாளியில் அரிசி மறைத்துக் கொண்டுபோய்க் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார் என்று புகார். அதற்குக் கிடைக்கிற தண்டனை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். விசாரணை இல்லாமலே வருடக்கணக்கில் உள்ளே வைக்கலாம். நாடு கடத்தவும் செய்யலாம். அண்ணி இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் நான் எழுத்துக் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆலிம்சா வந்து கேட்டார். சொன்னேன். வழக்கமான கேள்வி வந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "எங்கண்ணன் உள்ள கெடக்கறாரு பாய். இப்பவும் யாரு சொன்னான்னு கேக்கறீங்களே" என்றேன்.

"இப்பதான் கேக்கணும்" என்றார். "நாயித்துக்கெழம போலாம். யாரு சொன்னான்னு போய்க் கேப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். கையில் குடையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தார். தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பிறந்த இடத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்கினேன்.

போலீசுக்குச் சொன்னது தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. அவர் ஒளிக்கவில்லை. எனக்கு மளிகைக் கடைக்காரர் சொன்னார் என்றார். ஆலிம்சா எழுதிக்கொண்டார். மளிகைக் கடைக்காரர், தமக்கு முனியம்மா சொன்னாள் என்றார். என்ன வார்த்தையில் சொன்னாள் என்று ஆலிம்சா கேட்டார். இன்னாருதான் வாளியோட காட்டுப் பக்கம் போனாருன்னு சொன்னா, என்று கடைக்காரர் அண்ணன் பெயரைச் சொன்னார். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

முனியம்மா லயத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அவள் புருஷன் வேலு சொன்னதாம். வேலு கதவுக்குப் பின்னாலிருந்து வரவே மாட்டேன் என்றான். காகிதத்தில் பெயர் ஏறினால் இரண்டு பக்கமும் ஆபத்து. போலீஸும் வரும், காட்டிலிருந்தும் வருவார்கள். ஆலிம்சா வாசலிலேயே குந்தி உட்கார்ந்தார்.

"நீங்க பார்த்ததுக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன். நீங்க பார்த்ததுல ஒரு எழுத்தக் கொறைக்கவும் மாட்டேன். என்ன பார்த்தீங்க?"

வேலு கதவைத் திறந்து, நிலைப்படியில் நின்றபடி சொன்னான். "முதுகத்தான் பார்த்தேன் பாய். வெட்டு முடிஞ்சு திரும்பற நேரம். வாளியோட ஒருத்தன் அந்தப் பக்கமா எறங்கிப் போனான். இவுங்க அண்ணன் மாதிரி இருந்துச்சு. அதத்தான் வீட்ல சொன்னேன்."

"மாதிரின்னு சொன்னீங்களா?"

"மாதிரின்னுதான் சொன்னேன். மொகத்தப் பாக்கலியே."

ஆலிம்சா முனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கடையில் சொல்லும்போது மாதிரி என்று சொன்னாளா? அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாபகமில்லை என்றாள். அதையும் அப்படியே எழுதினார்: 'நினைவில்லை என்கிறார்.' இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கினார்.

திரும்புகிற பஸ்ஸில் எனக்குச் சந்தோஷத்தில் பேச்சு நிற்கவில்லை. ஒரு வார்த்தை. லயத்துக்கும் கடைக்கும் நடுவில் ஒரு வார்த்தை விழுந்துபோய், என் அண்ணன் உள்ளே போயிருக்கிறார். அந்த அறிக்கையின் கீழே, இவர் நல்லவர், எந்தத் தப்பும் செய்யாதவர் என்று இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஆலிம்சாவிடம் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, உங்கள் அண்ணனை எனக்குத் தெரியாதே தம்பி என்றார். டவுன் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

போலீஸ் நிலையத்தில் அதே மொழிபெயர்ப்பாளர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்தவர்களைத் தேடுகிறவர் வந்திருக்கிறார் என்று அதிகாரியிடம் சொல்லி உள்ளே அழைத்துப் போனார். அதிகாரி அந்த நாலு தாளையும் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில், ஆக இந்த ஆள் நிரபராதி என்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்ல" என்றார் ஆலிம்சா. "அவரு செஞ்சாரா செய்யலியான்னு எனக்குத் தெரியாது. செஞ்சதப் பார்த்தவங்க யாரும் இல்ல. அதான் எனக்குத் தெரியும்."

அவருக்காக ஜாமீன் நிற்பீர்களா என்று அடுத்த கேள்வி. அவரை நான் பார்த்ததே இல்லை என்றார். அந்த நிமிஷம் அந்தக் கிழவரின் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது எனக்கு.

ஆறு வாரம் கழித்து அண்ணனை விட்டார்கள். தோட்டத்தில் இருக்கக் கூடாது, டவுனில்தான் தங்க வேண்டும், வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. இன்னொரு ஆள் வந்து நல்லவர் நல்லவர் என்று அளந்திருந்தால் அதிகாரி தாளைத் தூக்கிப் போட்டிருப்பார், தெரியாது என்று சொன்னதால்தான் மற்றதை நம்பினார் என்று மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார்.

அண்ணன் இளைத்துப் பாதியாகிவிட்டார். வந்த மூன்றாம் நாள், ஒரு தார் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஆலிம்சாவைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். கயிற்றுக் கடை மாடியில், புத்தகங்களை ஒதுக்கி எங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அண்ணன் உட்காரவில்லை. கும்பிட்டபடி நின்றார்.

"பாய், நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் அண்ணன். "ஒங்ககிட்ட சொல்லாம எனக்குத் தூக்கம் வராது."

ஆலிம்சா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சொல்லாதீங்க."

"இல்ல பாய், நீங்க எனக்காக..."

"நீங்க சொன்னா அது எங்கிட்ட இருக்கும். நாளைக்கு அந்த வெள்ளக்காரரு கூப்புட்டுக் கேட்டா நான் சொல்லிடுவேன். எனக்கு மறைக்கத் தெரியாது. ஆண்டவன் மூடி வெச்சிருக்கறத நீங்க ஏன் தொறக்கறீங்க? மூடியே இருக்கட்டும்."

அண்ணன் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடிந்ததும் ஆலிம்சா தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து அண்ணனிடமே கொடுத்தார்.

ஆற்றோரமாகத் திரும்பி நடக்கும்போது அண்ணன் என்னிடம் சொன்னார். வேலு பார்த்த முதுகு அவருடையதுதான். முன்பு பக்கத்து நிரையில் பால் வெட்டிய ஒருவன், தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, பிறகு காட்டுக்குள் போனவன், காய்ச்சலோடு தோட்டத்து ஓரம் வரை வந்து கிடந்தானாம். இரண்டு தடவை அரிசி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மூன்றாம் தடவை போனபோது அவன் அங்கே இல்லை. உயிரோடு போனானா என்பது அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் இதை என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அண்ணியிடம்கூட இல்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டதால் எழுதுகிறேன்.

ஆலிம்சாவுக்குத் தெரிந்திருக்குமா? இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நினைப்பதை எல்லாம் சொல்லலாமா என்று அவர் இருந்தால் கேட்பார்.

புத்தகம் கடைசியில் அச்சாயிற்று. வேலை இல்லாத நாட்களில் மிச்சக் காகிதத்தில் அடித்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். அண்ணன் சாயங்காலங்களில் வந்து மெஷின் சக்கரத்தைச் சுற்றினார். நாற்பதில் தேறியது இருபத்தாறு. பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நூற்றைம்பது பிரதி. இந்த முறை நான் முணுமுணுக்காமல் கோத்தேன். மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருடம் அவர் ஊருக்குக் கப்பலேறினார். தம்பின் ரயில் நிலையம் வரை போய், துறைமுகத்துக்குப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டோம். புத்தகப் பெட்டிகளை ஏற்றத்தான் நேரமிருந்தது, பேச நேரமில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு இரண்டு வரி. பிறகு, இருபத்து மூன்றாவது செய்தியில் தாம் தவறிவிட்டதாக எழுதியிருந்தார். வரிசையில் இருந்த ஒரு பெயரில் இரண்டு ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தாம் நினைத்தவர் வேறு, சொன்னவர் வேறு. சொன்னவருக்கு ஞாபகசக்தி போதாது. ஊரில் புதிதாகக் கிடைத்த ஒரு நூலில் அதைப் பார்த்தாராம். தம்பி, முடிந்தவரை பிரதிகளைத் தேடிப் போய் அதைக் கோடிட்டுவிடுங்கள். மை ஊற்றி மறைக்க வேண்டாம். ஒரே ஒரு மெல்லிய கோடு, ஓரத்தில் 'உறுதியில்லை' என்ற சொல். கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.

அண்ணன் அப்போது புக்கிட் பெருவாங் பக்கம் மரம் அறுக்கிற ஒரு பலகைக் கொட்டகையில் வேலை பார்த்தார். கடிதத்தைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சைக்கிளில் கிளம்பினோம். யார் யார் வாங்கினார்கள் என்று எனக்குப் பெரும்பாலும் நினைவிருந்தது. மைப்புட்டி அண்ணன் கையில். சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில், இந்துக்கள் இரண்டு பேர் வந்து ஹதீஸைத் திருத்துகிறீர்களா என்று முறைத்தார்கள். கடிதத்தை நீட்டினால் அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார்கள். துணிக்கடைக்காரரிடமும் ஒரு பிரதி இருந்தது. எப்போது யாரை விட்டு வாங்கினாரோ. கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். என் பேனாவை வாங்கித் தாமே கோடு போட்டார். உட்காரச் சொல்லிக் கோப்பி வரவழைத்தார்.

எங்களுக்குத் தெரிந்த கடைசிப் பிரதி தங்கா பத்துவில், கடலைப் பார்த்த ஒரு பலகை வீட்டில் இருந்தது. வாங்கியவர் இறந்துவிட்டார். அவர் மனைவி புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். இருபத்து மூன்றாவது செய்தி, வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்களைப் பற்றியது. படகில் வேலைக்குப் போகும்போதெல்லாம் இறந்துபோன அந்த மனிதர் வாசலில் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் போவாராம். அந்த அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்கத் தயங்கினார். விட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றியது.

அண்ணன்தான் பேசினார். "அழிக்க மாட்டோம்மா. ஒரு கோடு மட்டுந்தான். அவரு பொய்யின்னு சொல்லல. உறுதியில்லன்னுதான் சொல்றாரு."

அந்த அம்மா புத்தகத்தை நீட்டினார். கோடு போட்டு, ஓரத்தில் எழுதி, மை காய ஊதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, உதட்டுக்குள்ளேயே படித்தார். "படிக்க வருது" என்றார். பிறகு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்று. அண்ணன் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். வெகுதூரம் வந்தபின், ஆலிம்சாவுக்குப் பதில் எப்போது எழுதப் போகிறாய் என்று கேட்டார். இன்றைக்கே என்றேன்.

"என் பேரையும் எழுது" என்றார். "நானும் கூட இருந்தேன், என் கண்ணால பார்த்தேன்னு எழுது."

அப்படியே எழுதினேன்.